கொட்டைப்பாக்குத் தேனீ

சித்தே அக்கட்டால நகுந்துக்குங்க, நானும் உக்காந்துக்கறேன். ஈரோடு போற வரைக்கும் நின்னுட்டு வர என்னால ஆகாது. பைய மடியிலயே வெச்சுக்கறனுங்க, கீழ வெச்சா மிதிச்சுப்போடுவாங்க. இல்லீங்க, கனமில்லை. உல்லன் நூலும் பஞ்சுந்தான். அந்த ஊசி குத்தாதுங்க, முனை மொக்கை.

நீங்க எந்த ஊருங்க? மதுரையா? அப்பச் சரி. தாராபுரத்துல ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கு வந்துட்டு, அப்படியே ஈரோடு போறீங்களாக்கும். நான் கோபிங்க, கோபிச்செட்டிபாளையம். நானும் ஒருத்தியப் பாக்கத்தான் தாராபுரம் வந்தேன். ஒறம்பரை இல்லை. எதிரின்னு வெச்சுக்குங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பொம்பளைக்குப் பொம்பளை எதிரி இருக்கக் கூடாதுங்களா?

அவ பேரு செல்வநாயகி. போன ஆவணியில எங்க வீதிக்குக் குடி வந்தா. கட்டுனவன் உட்டுட்டுப் போயிட்டான்னு பேசிக்குவாங்க, அது நமக்கெதுக்குங்க. பாத்திரக்கடை மாடியில ஒரு ரூம்பு எடுத்து, குரோஷா சொல்லித் தர்றேன்னு போர்டு வெச்சா. குரோஷா தெரியுமில்லீங்க? ஒத்த ஊசி, முனையில கொக்கி இருக்கும், நூல மாட்டி மாட்டி இழுத்துப் பின்றது. முந்தியெல்லாம் டிவிப் பொட்டி மேல வெள்ளையா விரிச்சிருப்பாங்களே, அதேதான். இப்ப அதுல பொம்மை போடறாங்க. எங்க வீதிப் பொம்பளைங்க கூட்டமாப் போயிச் சேந்தாங்க. மொதல்ல மரகதத்தக்கா போச்சு. அரிசி மில்லுக்காரங்க, வீதியிலேயே பெரிய ஊடு. அந்தக்கா போனா மத்தவங்களும் பின்னாலயே போவாங்க. நானும் போனேன். எனக்கென்ன கை இல்லியா?

என் கையப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். நான் துளசிமணிங்க. எங்க வீதியில வந்து, நல்லாப் பூக் கட்டறது யாருன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் கொழந்தையும் எங்க ஊட்டக் காட்டும். யாவாரத்துக்கு இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு உரக்கடை வெச்சிருக்காரு, நமக்கு அந்தக் கஷ்டமில்லை. ஆசைக்குக் கட்டறது. வீதியில ஒரு கண்ணாலம்னா பொண்ணுத் தலைக்குப் பூ நான் கட்டுனாத்தான் ஆச்சு. மாரியம்மனுக்கு வெள்ளிக்கெழம மாலை என் கட்டுத்தான். நாரச் சுண்டி இழுத்தேன்னு வெச்சுக்குங்க, காம்பு நாரோட ஒட்டிக்கும். காஞ்சு சருகாப் போனாலும் ஒத்தப் பூ கீழ உழுகாது. அக்கா கட்டுன மாலையப் பிக்கோணும்னா அருவாத்தான் எடுக்கோணும்னு பூசாரி சொல்லுவாரு. அப்பேர்ப்பட்ட கைங்க இது.

அந்தக் கையத்தான் அவ கேவலப்படுத்துனா.

அவகிட்ட மொதப் பாடமே தேனீதான். தேனீ போட வந்துருச்சுன்னா மத்த பொம்மையெல்லாம் தானா வரும்னா. நூல்ல ஒரு சின்னச் சுருக்குப் போடறது, அதுக்குள்ள கண்ணி கண்ணியாப் பின்னி, சுத்திச் சுத்திப் பெருசாக்கறது. மஞ்ச நூல்ல கொஞ்சம், கருப்புல கொஞ்சம், மறுபடி மஞ்ச. உள்ள பஞ்ச வெச்சு வாயச் சுருக்குனா ஒடம்பு ஆச்சு. வெள்ளையில ரெண்டு றெக்கை. கண்ணுக்குக் கருப்பு மணி. அவ்வளவுதானுங்க. லீவு நாள்ல வந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கூடப் போட்டுருச்சு.

எனக்கு வரலை. ஏன் வரலைன்னா, என் கை பூக் கட்டுன கை. ஒரு கண்ணி போட்டனா, ஒடனே கை தானா நூலச் சுண்டி இழுத்துருது. நான் இழுக்கலீங்க, அதுவா இழுக்குது. கண்ணி இறுகிப் போச்சுன்னா அடுத்த சுத்துல ஊசி அதுக்குள்ள போக மாட்டேங்குது. நான் உடுவனா? குத்திக் குத்தி நுழைச்சேன். வெரலு வீங்கிப் போச்சு. எப்படியோ முடிச்சேன். முடிச்சுப் பாத்தா மத்தவங்க தேனீயெல்லாம் எலுமிச்சம்பழத்தாட்ட குண்டாயிருக்குது, என்னுது மட்டும் சுருங்கிக் கல்லாட்டப் போச்சு. பஞ்சு கூட உள்ள போகலை. போனாப் போகுது, மொதத் தடவைதானேன்னு நான் கம்முனு மேசை மேல வெச்சேன்.

அவ வந்தா. எடுத்தா. அமுக்கிப் பாத்தா. அமுங்கலை. அப்பறம் பண்ணுனா பாருங்க ஒரு வேலை. எல்லாரையும் கூப்புட்டு, "இங்க பாருங்க, துளசியக்கா தேனீ போட்டிருக்காங்க"ன்னு சொல்லி, அந்த மேசை மேல டொக்கு டொக்குன்னு தட்டுனா. "இது தேனீ இல்லீங்க, கொட்டைப்பாக்கு. ஆராச்சும் வெத்தலை வெச்சிருந்தாக் குடுங்க"ன்னா.

அத்தனை பேரும் சிரிச்சாங்க. மரகதத்தக்கா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுது. நானுஞ் சிரிச்சேன். சிரிக்காட்டி நல்லா இருக்காதுன்னு சிரிச்சேன். பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறேன். அதோட உட்டாளா? என் கையப் புடிச்சு வெரல நீவி உட்டுக்கிட்டே சொல்றா, "கையத் தளர உடுங்கக்கா. மனசு இறுக்கமா இருந்தாத்தான் கை இப்படி இறுகும்."

எனக்கு மனசு இறுக்கமுங்களா? நீங்களே சொல்லுங்க. இந்த பஸ்ஸு ஏறுன நேரத்துலருந்து நான் எப்படிப் பேசிட்டு வர்றேன். நான் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டனுங்க. அன்னைக்கு அவ போட்டிருந்தது பச்சைச் சேலை, ஓரத்துல அரக்குக் கரை, ஜாக்கெட்டு மேட்ச் இல்லை, அது கூட எனக்கு ஞாபகமிருக்குது, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை.

வீதி உடோணுமே. அடுத்த நாள் கோயிலுக்குப் போறேன், மரகதத்தக்கா கேக்குது, "ஏம்புள்ள, கொட்டைப்பாக்கு வந்தாச்சா?" காய்க்காரன் கூடச் சிரிக்கறான். ஊட்டுக்கு வந்தா எங்க ஊட்டுக்காரரு, "என்ன கொட்டைப்பாக்கு, காப்பி ஆச்சா"ங்கறாரு. இருவத்தாறு வருசம் குடித்தனம் பண்ணுனவளை, காப்பி கேக்கறவரு அப்படித்தான் கூப்புடுவாருங்களா? அன்னைக்குக் காப்பியில சக்கரை போடலை. அதுக்கும் சிரிச்சாரு. ஊர் வாய மூட ஒலைமூடி கெடையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. பேரு ஒட்டிக்கிச்சு. துளசிமணிங்கற பேரு எங்கியோ போயிருச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். இந்தக் கை நல்ல கைன்னு அவ வாயாலயே சொல்ல வெக்கோணும். அதுக்கு முன்னால அவள ஒரு வழி பண்ணோணும். ரெண்டும் பண்ணாம உசுரு போகக் கூடாதுன்னு மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். கிளாசுக்குப் போறத நிறுத்தலீங்க. நிறுத்துனா ரோசப்பட்டுக்கிட்டான்னு பேசுவாங்க. போயி ஒரு மூலையில உக்காந்துக்குவேன்.

கண்டக்டர் பையன் டிக்கெட் கேக்கறான் பாருங்க. நான் வாங்கீட்டேன், நீங்க வாங்குங்க.

ஐப்பசியில மரகதத்தக்கா மகளுக்கு வளைகாப்பு வெச்சாங்க. பெரிய எடம், ஊரே வரும். வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில எல்லாரும் குடுக்கற மாதிரி கண்ணாடி டப்பா, எவர்சில்வர் கிண்ணம் குடுக்கக் கூடாது, புதுசா என்னமாச்சும் குடுக்கோணும்னு அந்தக்காவுக்கு ஆசை. ஆளுக்கொரு தேனீ குடுத்தா என்னன்னு கேட்டுது. செல்வநாயகிக்குத் தலை கால் புரியலை. அவளுக்கு அத விட்டா வேற பொழப்பேது? கிளாசுல எல்லாரும் சேந்து போடறதுன்னு ஆச்சு. வீதியே மஞ்சளும் கருப்புமாக் கெடந்துச்சு. ஆளாளுக்கு நூல் எடுத்துட்டுப் போறாங்க. நானும் கைய நீட்டுனேன்.

"அக்கா, நீங்க பஞ்சு பிச்சுக் குடுங்க, போதும்"னு சொல்லீட்டா. அத்தனை பேருக்கு முன்னால.

பஞ்சு பிக்கறது என்ன வேலைங்க? கட்டி கட்டியா இருக்கறத வெரல்ல பிச்சுப் பூவாப் பண்ணி வெக்கறது. அஞ்சு வயசுப் புள்ளைக்குக் குடுக்கற வேலை. நான் பிச்சேன். மூக்குலயும் வாயிலயும் பஞ்சு போக, ஒரு வாரம் உக்காந்து பிச்சேன். அவங்க நாயம் பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, தேனீயாப் போட்டுக் குமிச்சாங்க. ஒவ்வொரு தேனீ வயித்துக்குள்ளயும் நான் பிச்ச பஞ்சுதான் இருக்குது, அத யாராச்சும் சொன்னாங்களா?

வளைகாப்புக்கு முந்துன வெள்ளிக்கெழம. கோயில் மண்டபத்துல உக்காந்து மாலை கட்டீட்டிருந்தேன், பொம்பளைங்க நாலு பேரு சுத்தி இருந்தாங்க. நான் ஒண்ணும் திட்டம் போட்டுப் பேசலீங்க. வாயில வந்துச்சு. பூவப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். "எங்க பெரியப்பன் ஊருப் பக்கமெல்லாம், மாசமா இருக்கறவ ஊட்டுல கொட்டுற பூச்சி உருவத்த வெக்க உட மாட்டாங்க. பொம்மையா இருந்தாலும் ஆகாதும்பாங்க. நமக்கெதுக்குங்க, பெரிய எடத்து விசயம்." அவ்வளவுதான். சொல்லிட்டு நார நனைச்சேன்.

அப்படியொரு சாஸ்திரமே கெடையாதுங்க. எங்க பெரியப்பனுக்கு ஊரும் கெடையாது, எங்க ஊட்டுப் பக்கத்து ஊட்டுலதான் இருந்தாரு. நானாக் கட்டிவிட்டது. ஆனா அந்த 'நமக்கெதுக்குங்க'ங்கற வார்த்தை இருக்குது பாருங்க, அத ஒண்ணச் சேத்துச் சொன்னா எதுவும் உண்மையாயிருமுங்க. சாயங்காலமே எனக்கே திரும்பி வந்துச்சு. எதுத்த ஊட்டுக்காரி வந்து, "உனக்குத் தெரியுமா துளசி, பவானிப் பக்கம் ஒருத்தி மாசமா இருக்கறப்பத் தேனீ படம் போட்ட சேலை கட்டி, பாவம், என்னமோ ஆயிப்போச்சாமா"ங்கறா. நான் "அப்படியா"ன்னு நெஞ்சுல கை வெச்சேன். இன்னொருத்தி, அது கருட புராணத்துலயே இருக்குதுன்னு சொல்லீட்டா. நான் வெதைச்சது ஒரு வெதை, அவங்கவங்க தண்ணி ஊத்திக்கிட்டாங்க.

மரகதத்தக்கா என்னையே கூப்புட்டு உட்டுது. மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "துளசி, அப்படியுமா இருக்குது?"ன்னுச்சு. எனக்குத் தெரியாதுங்கக்கா, பெரியவங்க சொன்னது, சொல்லாம உட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மேல பழி வருமேன்னு சொன்னேன், நீங்க உங்க மனசுப்படி பண்ணுங்கன்னேன். இதுல நான் என்ன தப்பாச் சொன்னேன்? மனசுப்படின்னுதானே சொன்னேன்.

எவர்சில்வர் கிண்ணம் வந்துச்சு. அந்தத் தேனீ மூட்டை அப்படியே பாத்திரக்கடை மாடிக்குப் போச்சு. வளைகாப்புல செல்வநாயகிய யாரும் வான்னு சொல்லலை. ஓரத்துல நின்னா. நான் முன்னால உக்காந்து வளையல் போட்டு உட்டேன்.

அதோட நிக்கலீங்க. நானே எதிர்பாக்கலை. கிளாசுக்குப் போன பொம்பளைங்க எல்லாம் ஊட்டுல வெச்சிருந்த தேனீயத் தூக்கிட்டு வந்து, தலையச் சுத்தி, முச்சந்தியில போட்டாங்க. எலுமிச்சம்பழம் போடற மாதிரி. டவுன் பஸ்ஸு அது மேல ஏறிப் போகுது, லாரி போகுது. மஞ்சப் பஞ்சு ரோடெல்லாம் பறக்குது. நான் வாசல்ல நின்னு பாத்தேன். சந்தோசமா இருந்துச்சுங்க, பொய் சொல்லுவானேன். நல்லா வயிறாரச் சோறு உண்டேன் அன்னைக்கு.

கிளாசுக்கு ஒருத்தியும் போகலை. எந்தக் கையில அவ ஊசியப் புடிச்சாளோ அந்தக் கையால ஒரு காப்பி குடுத்தாக் கூட வாங்கமாட்டேன்னுட்டாங்க. கார்த்திகைக்குள்ள ரூம்பக் காலி பண்ணீட்டு, தாராபுரத்துல தம்பி ஊட்டோட போயிட்டா. குட்டி யானை வண்டியில சாமானமேத்துனா. சாமானம்னு என்ன, ரெண்டு மூட்டை, ஒரு பீரோ. தன் வினை தன்னச் சுடும், ஓட்டப்பம் ஊட்டச் சுடும்னு சொல்லுவாங்களே, அத நேருல பாத்தேன். ஒருத்தியக் கொட்டைப்பாக்குன்னு சொன்னா அதுதான் கதி.

வெயில் அடிக்குதுங்களா? அந்தத் தெரைய இழுத்து உட்டுக்குங்க. காங்கேயம் தாண்டுனா அந்தப் பக்கம் போயிரும்.

சரி, ஜெயிச்சாச்சு. ஆனா பாருங்க, பாதிதான் ஜெயிச்சிருக்கேன். ஒரு வழி பண்ணீட்டேன், வார்த்தை வாங்கலையே. இந்தக் கை நல்ல கைன்னு சொல்லாமயே வண்டி ஏறிட்டாளே. பேரும் போகலை. கிளாசு போச்சு, டீச்சர் போயிட்டா, தேனீ போச்சு, கொட்டைப்பாக்கு மட்டும் வீதியிலயே நின்னுக்கிச்சு. எனக்கு வெறி புடிச்ச மாதிரி ஆயிப்போச்சுங்க. ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில துணி தொவைக்கற கல்லு மேல உக்காந்துக்கிட்டு, யாருக்கும் தெரியாம ஊசியப் புடிச்சேன். போட்டுப் பிரிச்சு, போட்டுப் பிரிச்சு. கை சுண்டி இழுக்க வரும்போதெல்லாம் நூல அப்படியே உட்டுட்டுக் கைய ஒதறிக்குவேன். கையவே அடிச்சிருக்கேன், இந்தக் கையில அந்தக் கைய. மார்கழி பூராவும் அதே வேலை.

தை பொறந்து ஒரு நாள், கை உட்டுருச்சு. எப்படின்னு கேக்காதீங்க. கண்ணி லேசா நின்னுச்சு, ஊசி உள்ள போறதே தெரியலை. தேனீ குண்டா, மெத்துனு வந்துச்சு. அமுக்குனா அமுங்கி, உட்டா எந்திரிக்குது. மஞ்சளுங் கருப்பும் மாறுற எடத்துல ஒரு படி தெரியும், அவ போட்டதுலயே தெரியும், என்னுதுல அது கூடத் தெரியலை.

அந்த வாரம் வெள்ளிக்கெழம பூசாரி சொல்றாரு, "என்னக்கா, மாலை உதுந்து போச்சு."

நான் நம்பலை. போயிப் பாத்தா, ஆத்தா பீடத்துல முல்லைப்பூ சிந்திக் கெடக்குது. நாரு மட்டும் கழுத்துல தொங்குது. அடுத்த வாரமும் அப்படித்தான். எத்தனை சுண்டிச் சுண்டிக் கட்டுனாலும் கை அங்க போயித் தளந்துக்குது. இப்ப வெள்ளிக்கெழம மாலைய எதுத்த ஊட்டுக்காரி கட்டறா. அவ கட்டறது கட்டுங்களா, கோணலும் மாணலுமா இருக்கும். மரகதத்தக்கா தங்கச்சி மகளுக்குக் கண்ணாலம், பொண்ணுத் தலைக்கு ஈரோட்டுல சொல்லி வாங்கிக்கிட்டாங்க, என்னைக் கூப்புடலை. என் கையவே எடுத்துட்டுப் போயிட்டா அந்தப் பாவி. இதுக்கு அவள நான் என்ன பண்ணுனாத்தான் தகும்?

போச்சு, பூக்கை போச்சு. தேனீக்கை இருக்குதில்ல, அதையாச்சும் நாலு பேரு பாக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேன். எதுத்த ஊட்டுக்காரி கதவத் தெறக்கறா, கையில இருக்கறதப் பாக்கறா, மறுபடி சாத்திக்கறா. மரகதத்தக்கா தூரத்துலயே நின்னுக்கிட்டு, "உனக்கென்ன புள்ள புத்தி கெட்டுப்போச்சா, பேறுகாலத்துப் புள்ள இருக்கற ஊட்டுக்கு இதத் தூக்கிட்டு வர்றே, சாஸ்திரஞ் சொன்னவளே நீதானே"ன்னு கத்துது. எங்க ஊட்டுக்காரரு கடை மேசையில வெச்சேன், மத்தியானத்துக்குள்ள அத ஒரு குச்சியில தள்ளிக் கீழ போட்டிருந்தாரு. குச்சியில, தேளத் தள்ளுற மாதிரி. நல்லாருக்குதுன்னு சொல்ல ஊருல ஒரு ஆளில்லீங்க.

அப்பத்தான் நெனைச்சேன். இது நல்லாருக்குதா இல்லியான்னு சொல்லத் தெரிஞ்சவ ஒருத்திதான். அவ மூஞ்சியில கொண்டு போயி இத வெக்கோணும். நீ கொட்டைப்பாக்குன்னு சொன்ன கை, பாருடீன்னு கேக்கோணும். எடுத்து, அமுக்கிப் பாத்து, அவ தோத்துட்டேன்னு ஒத்துக்கோணும். பாத்திரக்கடையில விலாசம் வாங்கிக்கிட்டு இன்னைக்கு வெடியால முதல் பஸ்ஸு ஏறி வந்துட்டேன்.

ஊடு கண்டு புடிச்சேன். தம்பி ஊட்டு முன்னால ஒரு தகரச் சாய்ப்பு, அதுல உக்காந்து சேலைக்குக் குஞ்சம் கட்டீட்டிருந்தா. எளைச்சுப் போயிட்டாளுங்க. என்னப் பாத்ததும் எந்திரிச்சு ஓடி வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "துளசியக்கா, நீங்க ஒருத்தராச்சும் என்னைத் தேடி வந்தீங்களே"ன்னு அழுகறா. நான் சண்டைக்கு வந்தவ. என்ன பண்றது? உக்காந்தேன். தம்பி பொண்டாட்டி முந்திக்கிட்டுக் காப்பி வெச்சுக் குடுக்கறா, இவ சோறு உண்டுட்டுத்தான் போகோணுங்கறா.

நான் மெதுவா ஆரம்பிச்சேன். "என்னைக் கொட்டைப்பாக்குன்னு சொன்னியே, ஞாபகம் இருக்குதா?"ன்னு கேட்டேன். அவ முழிக்கறா. "நானாங்கக்கா? எப்பங்கக்கா?"ங்கறா. நெசமாவே ஞாபகமில்லீங்க அவளுக்கு. நடிப்பில்லை, நான் கண்ணப் பாத்தேன். ஆறு மாசமா நான் சோறு தண்ணியில்லாம கறுவிக்கிட்டு இருக்கேன், இவ மறந்தே போயிட்டா.

அப்பறம் அவளாவே அந்தப் பேச்ச எடுத்தா. "எல்லாம் என் பாவங்கக்கா. மாசமா இருக்கற புள்ளைக்குப் போயிக் கொட்டுற பூச்சியப் போட்டுக் குடுக்கப் பாத்தனே. எனக்குச் சாஸ்திரம் சொல்ல ஒரு ஆளில்லாமப் போச்சு. நல்லவேளை யாரோ ஒரு புண்ணியவதி சொல்லி நிறுத்திப்போட்டாங்க. இல்லாட்டி அந்தப் புள்ளை என்னாயிருக்கும், நான் எந்தச் சென்மத்துல தீப்பேன். அவங்க யாருன்னு தெரிஞ்சாக் கால்ல உழுந்து கும்புடுவனுங்க"ன்னா.

நான் காப்பியக் குடிச்சேன்.

சூடா இருந்துச்சு, நாக்கு வெந்து போச்சு. குடிச்சு முடிச்சுப் பையத் தெறந்து, தேனீய எடுத்து நீட்டுனேன். "இந்தா, பாத்துச் சொல்லு"ன்னேன். அவ கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டா. இனிமே செத்தாலும் தேனீயத் தொட மாட்டேன்னு குலசாமிக்கு முன்னால சத்தியம் பண்ணி, ஊசிய எல்லாம் அமராவதி ஆத்துல போட்டுட்டாளாமா. நான் உடலை. "அமுக்க வேண்டாம், பாத்தாவது சொல்லு"ன்னேன். தலையத் திருப்பிக்கிட்டு, "நல்லாருக்குதுங்கக்கா"ன்னா. பாக்கவே இல்லீங்க. செவுத்தப் பாத்துச் சொல்றா. அது ஒரு வார்த்தைங்களா?

உண்மையச் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அது சாஸ்திரமில்லம்மா, நான் கட்டிவிட்டதுன்னு ஒரு வரி. சொன்னாக் கையில வாங்கியிருப்பா. வாங்குனா அமுக்கிப் பாத்திருப்பா. ஆனா அப்பறம் என் மூஞ்சியப் பாப்பாளே. அது என்னால ஆகாதுங்க. தோத்தவ அவளா இருக்கோணும், நானா எப்படி ஆகறது? தேனீயப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தா. இந்த மல்லியப்பூ அவதான் வாங்கி வெச்சு உட்டா. உதுரும் பாருங்க, கடையில கட்டுனது.

உங்ககிட்ட எதுக்கு இத்தனையும் சொல்றேன்னா, நீங்க அசலூரு. மதுரையில இந்தப் பேச்செல்லாம் கெடையாது. என்னையுந் தெரியாது, அவளையுந் தெரியாது. உங்க வாயில வர்றது நேர்மையா இருக்கும். இருங்க, எடுக்கறேன். இதானுங்க. றெக்கையப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவு. எத்தனை மாசம் பட்ட பாடு தெரியுமா. சும்மா ஒருக்கா வாங்கி அமுக்கிப் பாத்துட்டு, எப்படியிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுத் திருப்பிக் குடுத்துருங்க.

வாங்குங்க.

ஏனுங்க, கைய ஏனுங்க முந்தானைக்குள்ள இழுத்துக்கறீங்க? அது பொய்யுன்னு இப்பத்தானுங்க சொன்னேன். நானேதானுங்க கட்டிவிட்டேன், நானேதான் சொல்றேன். உங்க ஊட்டுல யாரு மாசமா இருந்தா என்னங்க, இது வெறும் நூலும் பஞ்சும்.

சித்தே புடிங்க. காங்கேயம் வர்றதுக்குள்ள குடுத்துருவீங்க.